மிக்மாக் ரிசர்வ்களும் பள்ளிக்கூடங்களும்: 19ஆம் நூற்றாண்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளை நினைவுகூரும் நாள் செப்டம்பர் 30. அது நெருங்கினால் கனடாவில் பிள்ளைகள் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள். வீட்டுக்கு வந்ததும் கேள்வி கேட்பார்கள். அப்பா அம்மாவுக்குப் பதில் தெரியாவிட்டால் அது என்னிடம் வந்து சேரும். ஹாலிஃபாக்ஸுக்குப் படிக்க வந்த மாணவர்களும் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் கிழக்குக் கரையில் வாழும் மிக்மாக் மக்களைப் பற்றி, அதிலும் 19ஆம் நூற்றாண்டில் அரசு அவர்களை நிர்வகித்த விதத்தையும் நடத்திய பள்ளிகளையும் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே போட்டிருக்கிறேன், அதனால் அந்த நடை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

மிக்மாக் எண்டால் ஆர்? எந்தப் பக்கம் இருக்கிறவை?

இன்றைய நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூ பிரன்ஸ்விக்கின் கிழக்குப் பகுதி, கியூபெக்கின் காஸ்பே தீபகற்பம், நியூஃபவுண்ட்லாந்து இவ்வளவும் சேர்ந்ததுதான் அவர்களுடைய நாடு. மிக்மாகி என்பார்கள். அதற்குள் ஏழு மாவட்டங்கள், மாவட்டத்துக்கு ஒரு தலைவர், எல்லாருக்கும் மேலே ஒரு பேரவை. கோடையில் கடலோரம், குளிர்காலத்தில் காட்டுக்குள் என்று பருவத்துக்குப் பருவம் இடம் மாறி வாழ்ந்தவர்கள். இந்த இடமாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கூடம் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

பிரெஞ்சுக்காரர்களோடு பழகிய காலத்திலேயே கத்தோலிக்கர்களாகிவிட்டார்கள். மெம்பர்டு என்ற தலைவர் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றது 1610இல். பிறகு வந்த ஆங்கிலேய அரசோ புராட்டஸ்டண்ட். பின்னால் வரும் பள்ளித் தகராறுகளில் பாதிக்கு இதுதான் வேர்.

அவங்க நிலத்தை வித்துட்டாங்களா, இல்ல போர்ல தோத்துட்டாங்களா?

இரண்டும் இல்லை. ஆங்கிலேயரோடு பல ஆண்டுகள் சண்டை நடந்தது, பிறகு 1725-26, 1752, 1760-61 என்று வரிசையாக உடன்படிக்கைகள் செய்துகொண்டார்கள். அவற்றுக்குச் சமாதான, நட்பு உடன்படிக்கைகள் என்று பெயர். சண்டை வேண்டாம், வணிகம் செய்வோம், நீங்கள் வழக்கம்போல வேட்டையாடி மீன் பிடித்துக்கொள்ளுங்கள் என்ற போக்கில் எழுதியவை. கனடாவின் மேற்குப் பகுதியில் பிற்பாடு செய்த உடன்படிக்கைகளில் 'நிலத்தை ஒப்படைக்கிறோம்' என்று ஒரு வரி இருக்கும். மிக்மாக் உடன்படிக்கைகளில் அப்படி ஒரு வரியே கிடையாது.

ஆனாலும் 1783க்குப் பிறகு அமெரிக்கப் புரட்சியில் தோற்ற பிரிட்டிஷ் ஆதரவாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிகள். நல்ல ஆற்றங்கரை, நல்ல துறைமுகம் எல்லாம் பட்டா போடப்பட்டுப் போயின. உரிமையாளரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போ ரிசர்வ் என்பது அரசு கொடுத்த இலவச நிலம்தானே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. ரிசர்வ் என்றால் பழங்குடிகள் குடியிருக்க என்று அரசு ஒதுக்கிய நிலம். முந்தைய பதிலைப் படித்தால் பாதி விடை கிடைத்துவிடும், விற்காத நிலத்தில் ஒரு துண்டை உரியவருக்கே ஒதுக்குவதை இலவசம் என்று சொல்ல முடியாது.

ஒதுக்கியதும் ஒரே சீராக நடக்கவில்லை. இன்றைய நியூ பிரன்ஸ்விக்கின் மிராமிச்சி ஆற்றுப் பகுதியில் 1783இல் ஜான் ஜூலியன் என்ற தலைவருக்கு 20,000 ஏக்கருக்கு உரிமச் சீட்டு கொடுத்தார்கள், அதையும் பின்னால் வெட்டிக் குறைத்தார்கள். அந்தச் சீட்டு அங்கே இருந்துகொள்ள அனுமதிப்பதோடு சரி, சொத்துரிமை தராது. நோவா ஸ்கோஷியாவில் 1819-20இல் கவுண்டிக்கு ஒன்றாக, 1,000 ஏக்கரைத் தாண்டாமல் ஒதுக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். அதற்குள் நல்ல நிலம் போய்விட்டதால் பல இடங்களில் கிடைத்தது பாறையும் சதுப்பும். நோவா ஸ்கோஷியாவின் வடகிழக்கிலுள்ள கேப் பிரெட்டன் தீவில் எஸ்காசோனி, வைகாகமா, வாக்மாட்குக் போன்ற இடங்களை அளந்தது 1830களில்தான்.

எல்லா இடத்திலும் பத்திரம் அரசர் பெயரில். மிக்மாக் மக்களுக்காக அறக்கட்டளை மாதிரி அரசு வைத்திருக்கிறது என்று சொன்னார்கள். விற்கவோ குத்தகைக்கு விடவோ அங்கே குடியிருப்பவருக்கு அதிகாரம் இல்லை, அரசுக்கு உண்டு.

1867க்கு முன்னாடி கனடாவே இல்லையே, யார் நிர்வாகம் பண்ணது?

ஒவ்வொரு காலனியும் தனித்தனியாக. நோவா ஸ்கோஷியா ஒரு மாதிரி, நியூ பிரன்ஸ்விக் வேறு மாதிரி, பிரின்ஸ் எட்வர்ட் தீவு இன்னொரு மாதிரி. தனித்துறை கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் பெரும்பாலும் நடந்தது இவ்வளவுதான்: கடுங்குளிரில் யாராவது பட்டினி என்று செய்தி வந்தால் சட்டமன்றம் கொஞ்சம் பணம் ஒதுக்கும், உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் அதில் கம்பளியும் மாவும் வாங்கிக் கொடுப்பார், கணக்கு எழுதி அனுப்புவார், அடுத்த குளிர்காலம் வரை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

முறையான சட்டம் என்று வந்தது நோவா ஸ்கோஷியாவில் 1842இல், நியூ பிரன்ஸ்விக்கில் 1844இல். பெயரைப் பார்த்தால் இரண்டும் ஒரே நோக்கத்துக்கானவை போலத் தோன்றும், உள்ளே போனால் வேறு. நோவா ஸ்கோஷியாச் சட்டம் மிக்மாக் மக்களை ஒரே இடத்தில் நிலையாகக் குடியமர்த்தவும் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கவும் என்று சொல்லிக்கொண்டது. நியூ பிரன்ஸ்விக் சட்டம் வெளிப்படையாகவே ரிசர்வ் நிலத்தை ஏலம் விடவும் குத்தகைக்கு விடவும் வழி செய்தது, வரும் பணத்தை அவர்கள் நலனுக்கே செலவழிப்போம் என்று சேர்த்துக்கொண்டது.

நோவா ஸ்கோஷியாக்காரர்களுக்கு 1842இல் திடீரென்று ஏன் அக்கறை வந்தது?

தானாக வரவில்லை. ஷுபெனகாடிப் பக்கத் தலைவர் பௌசமி பெமீனவீட் (லூயி பெனுவா பெமினுயிட் என்றும் எழுதுவார்கள்) விக்டோரியா ராணிக்கு நேராக ஒரு மனு அனுப்பினார். 1841 ஜனவரியில் அது லண்டனில் காலனிகளைக் கவனித்த அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது. காடு போய்விட்டது, வேட்டை போய்விட்டது, என் மக்கள் பசியில் இருக்கிறார்கள், பெருங்கடலைத் தாண்டி நேரில் வர முடியவில்லை, நீங்கள் ஏதாவது செய்யுங்கள் என்பது சாரம். ராணி அப்போது பட்டத்துக்கு வந்து நான்கு ஆண்டுகூட ஆகாத இளம்பெண். லண்டனிலிருந்து ஹாலிஃபாக்ஸுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் பறந்தது, அடுத்த ஆண்டே சட்டம்.

மிக்மாக் மக்கள் எழுதிய மனுக்கள் அந்த நூற்றாண்டு முழுவதும் உண்டு. நிலத்தை யாரோ பிடுங்குகிறான், விதை உருளைக்கிழங்கு வேண்டும், பாதிரியார் வேண்டும், பள்ளி வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் எழுதினார்கள். ஒன்றும் தெரியாத மக்கள், வாய் திறக்காமல் எல்லாவற்றையும் இழந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜோசப் ஹோவுக்கு ஹாலிஃபாக்ஸ்ல சிலை இருக்கே, அவர் இவங்களுக்கு நல்லது பண்ணாரா?

1842 சட்டப்படி மிக்மாக் விவகாரங்களுக்கு முதல் ஆணையர் ஆனவர் அவர். பத்திரிகைச் சுதந்திரத்துக்காக வாதாடி வென்றவர், பெரிய அரசியல்வாதி. இந்தப் பதவிக்குச் சம்பளம் இல்லை, ஆண்டுக்குச் செலவழிக்கக் கிடைத்தது 300 பவுண்டு வரை, அதுவும் மொத்த நோவா ஸ்கோஷியாவுக்கும். ஆனாலும் அவர் நேரில் சுற்றிப் பார்த்தார், யார் எங்கே இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார், பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிகளில் சேர்க்கப் பார்த்தார். வேலை தன் சக்திக்கு மீறியது என்று அடுத்த ஆண்டே விட்டுவிட்டார். 1847இல் ஆணையரானவர் ஆபிரகாம் கெஸ்னர், மண்ணெண்ணெய் காய்ச்சும் முறையைக் கண்டுபிடித்தாரே அதே கெஸ்னர். அது உருளைக்கிழங்கு நோயால் பஞ்சம் வந்த நேரம், மக்களை உயிரோடு வைத்திருப்பதே பெரும்பாடு. 1850களில் வில்லியம் சேர்ன்லி வந்தபோது குடியமர்த்தலும் படிப்பும் போய், ஆண்டுதோறும் கம்பளியும் கோட்டும் வினியோகிப்பது மட்டும் மிஞ்சியது.

ஹோ நல்லவரா என்றால், தனிப்பட்ட முறையில் மனம் இளகியவர்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் 1869இல் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் அமைச்சரானதும் கனடா முழுவதற்கும் பழங்குடி விவகாரம் அவர் கைக்கே வந்தது. 25 ஆண்டுக்கு முன்பு காசும் ஆளும் இல்லாமல் திண்டாடிய அதே மனிதர். 1873 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார், மிக்மாக் ரிசர்வ்களில் நிலைமை பெரிதாக மாறவில்லை.

ஆக்கிரமிச்சவங்களை ஏன் வெளியேத்தல? சட்டம்தான் இருந்துதே?

இருந்தது. வழக்குப் போட வேண்டும், அதற்கு வக்கீல் செலவு 300 பவுண்டுக்குள் அடங்க வேண்டும், நடுவர் குழுவில் உட்காருபவர்கள் ஆக்கிரமித்தவனின் பக்கத்து வீட்டுக்காரர்கள். தேர்தலில் வாக்கு அவனுக்கு உண்டு, மிக்மாக்குக்குக் கிடையாது. எந்த உறுப்பினர் பகைத்துக்கொள்வார்?

வாக்மாட்குக் நல்ல உதாரணம். கேப் பிரெட்டனின் மிடில் ரிவர் பள்ளத்தாக்கில் 1830களில் அளந்தபோது சுமார் 4,500 ஏக்கர். நல்ல ஆற்றுப் படுகை மண். ஸ்காட்லாந்தில் தங்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் உள்ளே புகுந்து வேலி போட்டார்கள், சில பத்தாண்டுகளில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. விரட்ட முடியாது என்று ஆனதும் 1859இல் நோவா ஸ்கோஷியா ஒரு சட்டம் கொண்டுவந்தது: புகுந்தவர்கள் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பணமாவது ஒழுங்காக வந்ததா என்றால், முழுசாக வந்தது மிகக் குறைவு. ஒரு கட்டத்தில் காலனியின் அரசு நிலங்களை விற்கும் அலுவலரிடமே ரிசர்வைக் காக்கும் வேலையும் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நியூ பிரன்ஸ்விக்கில் மோசஸ் பெர்லி என்பவர் 1841இல் ஊர் ஊராகப் போய் ஆக்கிரமிப்புகளைப் பட்டியல் போட்டு விரிவான அறிக்கை கொடுத்தார். மிக்மாக் மக்களுக்காகத்தான் எழுதினார். சட்டமன்றமோ அதை வைத்து 1844 ஏலச் சட்டத்தைக் கொண்டுவந்தது, அந்தச் சட்டம் வந்த வடிவத்தைப் பெர்லியே எதிர்த்தார்.

பிரின்ஸ் எட்வர்ட் தீவிலும் நியூஃபவுண்ட்லாந்திலும் இதே கதைதானா?

இல்லை, அங்கே இன்னும் மோசம். பிரின்ஸ் எட்வர்ட் தீவை 1767இல் 67 துண்டாகப் பிரித்து லண்டனில் சீட்டுக் குலுக்கிப் பிரபுக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், மிக்மாக்குக்கு ஒதுக்க அரசு நிலமே மிச்சமில்லை. அவர்கள் குடியிருந்த லெனக்ஸ் தீவுக்குக்கூடத் தனியார் ஒருவர் சொந்தக்காரர். கடைசியில் 1870இல் லண்டனிலிருந்த பழங்குடியினர் பாதுகாப்புச் சங்கம் நன்கொடை திரட்டி விலைக்கு வாங்கியது.

நியூஃபவுண்ட்லாந்தில் ஆணையரே இல்லை. 1949இல் கனடாவோடு சேர்ந்தபோதும் அங்குள்ள மிக்மாக் மக்களைச் சட்டம் கண்டுகொள்ளவில்லை, கான் ரிவர் சமூகத்துக்கு அங்கீகாரம் கிடைக்க 1980கள் வரை ஆனது.

1867க்கு அப்புறம் என்ன மாறிச்சு?

அரசியலமைப்பின் 91(24) பிரிவு பழங்குடிகளையும் அவர்களுக்கு ஒதுக்கிய நிலத்தையும் மத்திய அரசிடம் கொடுத்தது. 1868இல் அதற்கான நிர்வாகச் சட்டம், 1876இல் இண்டியன் ஆக்ட், 1880இல் தனித்துறை. (பழைய ஆவணங்களில் 'இண்டியன்' என்று வந்தால் நம்மூர்க்காரர் என்று நினைத்துக் குழம்பாதீர்கள், அது பழங்குடிகளைக் குறிக்கும்.) யார் இந்தச் சமூகத்தவர், யார் இல்லை என்பதையே சட்டம் தீர்மானிக்க ஆரம்பித்தது. ஒரு மிக்மாக் பெண் வெளியாளை மணந்தால் பதிவிலிருந்து அவள் பெயர் போய்விடும், ஆண் மணந்தால் வரும் மனைவிக்கும் உரிமை கிடைக்கும்.

கிழக்குக் கரையில் நடைமுறை மெதுவாகத்தான் மாறியது. மேற்கே நிலத்தை அள்ளுவதில் ஒட்டாவாவுக்கு இருந்த அவசரம் இங்கே இல்லை, ஏனென்றால் இங்கே ஏற்கெனவே அள்ளி முடித்தாகிவிட்டது. சில நூறு பேர் கொண்ட சிறு சிறு ரிசர்வ்கள், தூரத்தில் இருக்கும் துறை, கொடுக்கும் பணம் கொஞ்சம். ஆனால் அதிகாரம் மட்டும் முழுசாக இருந்தது. அலட்சியம் ஒருபுறம், கட்டுப்பாடு மறுபுறம் என்று பிரித்துப் பேசுவார்கள். நான் பார்த்த வரை இங்கே இரண்டும் ஒன்றாகவே வந்தன: எதையும் செய்து கொடுக்க மாட்டார்கள், அனுமதி இல்லாமல் நீங்களாகச் செய்துகொள்ளவும் விட மாட்டார்கள்.

இண்டியன் ஏஜெண்ட் எண்டவர் நம்மட கிராம சேவகர் மாதிரியா?

ரிசர்வில் துறையின் பிரதிநிதி அவர். கொஞ்சம் அப்படி, ஆனால் அதைவிட அதிகாரம் கூட, நேரம் குறைவு. கடல்சார் மாகாணங்களில் (நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு) பெரும்பாலும் பகுதி நேர வேலை. அந்த ஊர் மருத்துவர், பாதிரியார், விவசாயி, கடைக்காரர் இவர்களில் ஒருவர் சொற்பச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்வார். நோவா ஸ்கோஷியாவில் கவுண்டி வாரியாகப் பிரித்து நிறைய ஏஜெண்டுகளை வைத்தார்கள், அதில் கணிசமானோர் கத்தோலிக்கப் பாதிரியார்கள். மற்ற பலருக்கு ஆளுங்கட்சி ஆதரவுதான் தகுதி, ஆட்சி மாறினால் ஏஜெண்டும் மாறுவார்.

வசந்தத்தில் விதை, குளிர்காலத்தில் கம்பளி, வயதானவர்களுக்கு மாவு, மருத்துவர் பில்லுக்குக் கையெழுத்து, பள்ளி ஆசிரியரைப் பரிந்துரைப்பது, ஆண்டு முடிவில் அறிக்கை. கடைக்காரரே ஏஜெண்டாக இருந்தால் நிவாரணப் பொருள் யார் கடையிலிருந்து போகும் என்று உங்களுக்கே புரியும்.

அவங்க தலைவரை அவங்களே தேர்ந்தெடுக்க விடலையா?

அவர்களுக்கென்று ஒரு முறை ஏற்கெனவே இருந்தது. ஆண்டுதோறும் ஜூலை 26, புனித அன்னம்மாள் திருநாளை ஒட்டி, கேப் பிரெட்டனின் சேப்பல் தீவில் பேரவை கூடும். தலைவர் பெரும்பாலும் ஆயுள் காலத்துக்கு. ஒட்டாவாவுக்கு இது பிடிக்கவில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்ற முறையைச் சட்டத்தில் வைத்துக்கொண்டு, 1899இல் கிழக்கு மாகாணங்கள் எல்லாவற்றுக்கும் அதை விரித்தார்கள். வாக்கு ஆண்களுக்கு மட்டும், தேர்ந்தெடுத்தவரை நீக்கும் அதிகாரம் துறைக்கு.

நடந்தது என்னவென்றால், பல ஊர்களில் தேர்தலையும் நடத்தினார்கள், பழைய மரபையும் விடவில்லை. சில ஊர்கள் தேர்தலைத் தங்களுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டன. பேரவை இன்றும் கூடுகிறது.

பள்ளிக்கூடம் வர்றதுக்கு முன்னாடி எழுதப் படிக்கவே தெரியாதா?

தெரியும். 1670களில் காஸ்பேப் பக்கம் இருந்த லெ கிளெர்க் என்ற பாதிரியார், பிள்ளைகள் மரப்பட்டையில் கரியால் குறி போட்டு ஜெபத்தை மனப்பாடம் செய்வதைப் பார்த்தார். அதை வைத்து ஒரு சித்திர எழுத்து முறையை உருவாக்கினார், 18ஆம் நூற்றாண்டில் மய்யார் என்ற பாதிரியார் அதை விரிவாக்கினார். 1866இல் கௌடர் என்ற பாதிரியார் இந்த எழுத்திலேயே பெரிய ஜெபப் புத்தகத்தை வியன்னாவில் அச்சடித்தார்.

பாதிரியார் ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்த காலத்தில் இந்த எழுத்தை வீட்டில் தாய்தந்தையரே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அரசு அறிக்கைகள் இதைப் படிப்பறிவில் சேர்க்கவில்லை. அவர்கள் கணக்கில் ஆங்கிலம் படித்தால்தான் படிப்பு.

இவங்களுக்குன்னு வந்த முதல் ஆங்கிலப் பள்ளி எது?

நியூ பிரன்ஸ்விக்கின் சசெக்ஸ் வேலில் இருந்ததைச் சொல்ல வேண்டும். அதை நடத்தியது நியூ இங்கிலாந்து கம்பெனி. பெயர்தான் கம்பெனி, வணிகம் செய்வதில்லை, 1649இல் லண்டனில் தொடங்கிய புராட்டஸ்டண்ட் மிஷன் அறக்கட்டளை. அமெரிக்கா பிரிட்டனின் கையை விட்டுப் போனதும் பணத்தை இங்கே திருப்பினார்கள். பள்ளி 1787இல் தொடங்கி 1826 வரை நடந்தது. மிக்மாக் பிள்ளைகளும் பக்கத்து வொலாஸ்டொகியிக் பழங்குடிப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள்.

திட்டம் கேட்க நன்றாகத்தான் இருந்தது: பிள்ளை படிக்கும், பிறகு வெள்ளைக்காரக் குடும்பத்தில் 21 வயது வரை தொழில் பழகும். நடந்ததோ, பசியில் இருந்த பெற்றோருக்குத் துணியும் உணவும் கொடுத்துப் பிள்ளைகளை வாங்கினார்கள், கைக்குழந்தைகளைக்கூட. ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளும் குடியேறிக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு, அதோடு கூலியில்லாத வேலையாளும் கிடைத்தாயிற்று. பொறுப்பில் இருந்த ஆலிவர் ஆர்னால்ட் என்ற பாதிரியாரே தன் வீட்டில் இப்படிப் பிள்ளைகளை வைத்திருந்தார். 1822இல் வால்டர் பிராம்லியும், அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஜான் வெஸ்ட் என்ற பாதிரியாரும் விசாரித்தார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பும் ஏறவில்லை, தொழிலும் வரவில்லை, நடத்தியதும் கொடுமையாக என்று அறிக்கை போனது, கம்பெனி பணத்தை நிறுத்தியது. உறைவிடப் பள்ளிகளைப் பற்றிப் பேசுபவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

எல்லா மிஷனரியும் இப்படித்தானா?

இல்லை. இப்போது சொன்ன பிராம்லி, அரைச் சம்பளத்தில் ஓய்வு பெற்ற ராணுவ கேப்டன், 1813இல் ஹாலிஃபாக்ஸ் வந்து ஏழைப் பிள்ளைகளுக்கு ராயல் அகேடியன் பள்ளியைத் தொடங்கியவர். மிக்மாக் மக்கள் நிலத்தில் குடியமர உதவ வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். சைலஸ் ராண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர் மிக்மாக் மொழியைக் கரைத்துக் குடித்தவர். 1849-50இல் ஒரு மிஷன் சங்கம் அமைத்து, ஹான்ட்ஸ்போர்ட்டில் தங்கி வேதாகமத்தை மொழிபெயர்த்தார், 1888இல் அகராதி போட்டார், குளூஸ்கப் என்ற புராண நாயகனின் கதைகளை எழுதி வைத்தார். மதம் மாறியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். கத்தோலிக்க மதத்தைக் கைவிட மிக்மாக் மக்கள் தயாராக இல்லை, அதனால் புராட்டஸ்டண்ட் ஆசிரியர் நடத்தும் எந்தப் பள்ளியையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள்.

அரசாங்கப் பள்ளி எப்ப வந்தது? என்ன படிப்பிச்சவை?

மத்திய அரசு 1870களிலிருந்து ரிசர்வ்களில் பகல் பள்ளிகளுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. எஸ்காசோனி, வைகாகமா, பேர் ரிவர், லெனக்ஸ் தீவு, மிராமிச்சிக் கரை என்று நூற்றாண்டின் கடைசிக்குள் பல ஊர்களில் வந்துவிட்டன. எல்லா ஊரிலும் இல்லை. ஒரே அறை, நடுவில் ஓர் அடுப்பு, ஆறு வயதிலிருந்து பதினாலு வரை எல்லாரும் ஒன்றாக. ஆங்கில வாசிப்பு, எழுத்து, கணக்கு, பெண் பிள்ளைகளுக்குத் தையல், இடையில் மறைக்கல்வி.

ஆசிரியர் சம்பளம் வெளியே மாகாணப் பள்ளிகளில் கிடைப்பதைவிடக் குறைவாக இருந்ததால் தகுதி பெற்றவர்கள் வந்தாலும் நிற்கவில்லை. வருபவருக்கு மிக்மாக் மொழி தெரியாது, பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது. முதல் இரண்டு ஆண்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாகாணப் பள்ளிக்கு அனுப்பலாமே என்றால், பழங்குடிகள் மத்திய அரசின் பொறுப்பு என்று மாகாணம் கைகழுவியது.

பிள்ளைகளை ஒழுங்கா அனுப்பாதது பெற்றோர் தப்புதானே?

அறிக்கை எழுதிய ஏஜெண்டுகளும் இதையேதான் சொன்னார்கள். குடும்பம் எதைச் சாப்பிட்டது என்று முதலில் பாருங்கள். ரிசர்வ் நிலத்தில் விளைவது ஆண்டு முழுக்கக் காணாது. வசந்தத்தில் ஆற்று மீன், கோடையில் ஃபண்டி வளைகுடாவில் கடற்பன்றி வேட்டை, இலையுதிர் காலத்தில் அறுவடைக் கூலி அல்லது வேட்டைக்கு வரும் பணக்காரர்களுக்கு வழிகாட்டி வேலை, இடையில் ஆஷ் மரத்தைக் கீற்றாக உரித்துக் கூடை முடைந்து ஊர் ஊராக விற்பது. பீப்பாய், கோடரிக் காம்பு, அப்புறம் ஹாக்கி மட்டை! 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கனடாவில் விற்ற நல்ல மட்டைகளில் பல மிக்மாக் கைவேலை. இந்த வேலைகளுக்குக் குடும்பமே சேர்ந்து போகும், பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது? போன இடத்தில் பிள்ளை சும்மா இருக்கவும் இல்லை, கூடைக்கு எந்த மரம், விலாங்கு எந்தக் கழிமுகத்தில் என்று அங்கேதான் கற்றுக்கொண்டது. இதோடு தட்டம்மை, பெரியம்மை, காசநோய் வேறு வந்து போகும்.

படிப்பே வேண்டாம் என்றும் அவர்கள் சொல்லவில்லை. மனுக்களில் பள்ளி வேண்டும் என்று கேட்டார்கள் என்று முன்பே சொன்னேன். கடிதமும் பில்லும் நிலப் பத்திரமும் ஆங்கிலத்தில் வரும் உலகத்தில் ஆங்கிலம் எதற்கு என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஷுபெனகாடி உறைவிடப் பள்ளியும் இந்தக் காலத்துலதானே?

இல்லை, அது 1930இல் திறந்து 1967இல் மூடியது. கடல்சார் மாகாணங்களில் அரசின் உறைவிடப் பள்ளி அது ஒன்றுதான். மேற்கே 1880களிலேயே உறைவிட, தொழிற்பள்ளிகள் வந்துவிட்டன, இங்கே அந்தச் செலவுக்கு ஒட்டாவா நீண்ட காலம் தயாராக இல்லை. ஆனால் அதற்கான சட்டப் படிக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1894 திருத்தம் கட்டாய வருகைக்கு விதி செய்ய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது, 1920 திருத்தம் 7 வயதிலிருந்து 15 வரை கட்டாயம் என்றது. பகல் பள்ளி தோற்றுவிட்டது, பெற்றோரிடமிருந்து பிரித்தால்தான் சரிப்படும் என்ற வாதத்துக்கு அந்த 'வருகை குறைவு' அறிக்கைகளே சாட்சியாயின.

துறையின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன, அவற்றை அப்படியே நம்பலாமா?

படிக்கலாம், சந்தேகத்தோடு. எத்தனை ஏக்கர் உழவு, எத்தனை புஷல் உருளைக்கிழங்கு, எத்தனை பிள்ளைகள் பதிவில், சராசரி வருகை எவ்வளவு என்று கட்டம் கட்டியிருக்கும். எழுதியவர் யார் என்பதை நினைவில் வையுங்கள், அந்தப் பகுதி நேர ஏஜெண்ட். பல ஆண்டுகள் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: ஆரோக்கியமாக இருக்கிறார்கள், குடிப்பழக்கம் குறைகிறது, மெல்ல முன்னேறுகிறார்கள். உழவுக்கு ஒரு கட்டம் இருந்ததால் உழாதவன் சோம்பேறி ஆனான். கூடை விற்ற வருமானமும் மீனும் பெரும்பாலும் ஏஜெண்டின் ஊகம்தான்.

அறிக்கையில் ஒரு வரி, அதே ஊரின் மனு ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ஏதாவது புரியும். ஏஜெண்ட் 'திருப்தியாக இருக்கிறார்கள்' என்று எழுதிய ஊரிலிருந்தே அவரை மாற்றச் சொல்லி மனு போயிருக்கலாம்.

முடிஞ்சு போன விஷயம், இப்ப ஏன் கிளறணும்?

முடியவில்லை என்பதால். 1928இல் பெருந்தலைவர் கேப்ரியல் சிலிபாய் 1752 உடன்படிக்கையைக் காட்டியும் வேட்டைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார், அவருக்கு மன்னிப்பு வந்தது 2017இல், இறந்து பல ஆண்டு கழித்து. இடையில் 1985இல் சைமன் வழக்கிலும் 1999இல் மார்ஷல் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய உடன்படிக்கைகள் இன்னும் செல்லும் என்றது. நோவா ஸ்கோஷியாவில் அக்டோபர் 1 உடன்படிக்கை நாள். கல்வியிலும் 1990களின் கடைசியில் ஒப்பந்தமும் தனிச் சட்டமும் வந்தன, இப்போது நோவா ஸ்கோஷியாவின் பெரும்பாலான மிக்மாக் சமூகங்கள் ரிசர்வ் பள்ளிகளைத் தாங்களே நடத்துகின்றன.

அதிகமா படிச்சா ரிசர்வ் உரிமையே போயிடும்னு கேள்விப்பட்டேன், அப்படிக்கூடவா சட்டம் போடுவாங்க?

போட்டார்கள். 1876 சட்டத்தின்படி மருத்துவப் பட்டமோ வேறு பல்கலைக்கழகப் பட்டமோ பெற்றவர், வழக்கறிஞர் ஆனவர், குருப்பட்டம் பெற்றவர் தானாகவே 'முழுக் குடிமகன்' ஆகிவிடுவார். அதாவது சட்டத்தின் பார்வையில் அவர் அதோடு பழங்குடி இல்லை. 1880இல் இதைத் தளர்த்தி, அவரே விண்ணப்பித்தால்தான் என்று மாற்றினார்கள்.

திருமணம் பற்றி மேலே 1867க்கு அப்புறம் என்ற கேள்வியில் சொன்னது இதைவிட நீண்ட காலம் நின்றது. வெளியாளை மணந்ததால் பெயர் நீக்கப்பட்ட பெண்கள் மறுபடி பதிந்துகொள்ள முடிந்தது 1985 திருத்தத்துக்குப் பிறகுதான். அவர்களின் பேரப்பிள்ளைகள் பலருக்கு அந்தத் திருத்தமும் போதவில்லை, அதற்காக 2011இலும் 2017இலும் சட்டத்தை மறுபடி திருத்த வேண்டியிருந்தது.